குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கணினி: பாகங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் உண்டு. ஒன்றில் 8 ஜிபி நினைவகம், மற்றதில் 6 ஜிபி. பெட்டியைப் பார்ப்பவருக்கு வித்தியாசம் அந்த 2 ஜிபி மட்டும்தான் என்று தோன்றும். உள்ளே பார்த்தால் கதை வேறு. 8 ஜிபி கார்டில் 2560 கோர்கள் (படத்துக்கான கணக்கைப் போடும் சிறு அலகுகள்), 128 பிட் நினைவகப் பாதை. 6 ஜிபி கார்டில் 2304 கோர்கள், 96 பிட் பாதை. பெயர் ஒன்று, வேகம் இரண்டு. ஜிடி 1030 இதைவிட மோசம். 2017-இல் வந்தபோது அதன் நினைவகம் நொடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தியது. அடுத்த ஆண்டே நினைவகத்தைச் சாதாரணக் கணினி ரேமில் இருக்கும் மலிவான டிடிஆர்4-க்கு மாற்றி, அதே பெயரில் இன்னொரு கார்டு வந்தது. அது கடத்தியது நொடிக்கு 16.8 ஜிபி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

பணம் தாராளமாக இருப்பவர் மேல்தட்டுப் பாகங்களை வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். எண்ணி எண்ணிச் செலவு செய்பவர்தான் இந்த மாதிரிப் பெயர்களில் ஏமாந்துபோகிறார். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் ஒன்று, திரையில் படத்தை ஓடவைக்கும் எண் வேறொன்று. அந்த இரண்டாவது எண் எங்கே இருக்கிறது, அதை எப்படிப் படிப்பது என்பதைத்தான் ஒவ்வொரு பாகமாகப் பார்க்கப்போகிறோம்.

படி 1: விளையாட்டும் மானிட்டரும் முதலில்

எந்தப் பாகத்தின் விலையையும் பார்க்கும் முன், அடுத்த ஆறு மாதத்தில் நீங்கள் அடிக்கடி விளையாடப்போகும் நாலைந்து விளையாட்டுகளை எழுதி வையுங்கள். என்றாவது ஒருநாள் விளையாடலாம் என்று நினைப்பவற்றைச் சேர்க்க வேண்டாம். அவைதான் பட்ஜெட்டை ஊதிப் பெருக்கும்.

வேலரன்ட், கவுண்டர்-ஸ்டிரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளை விளையாடுபவர்கள் காட்சித் தரத்தைக் குறைத்துவைத்து, நொடிக்கு 144, 200 பிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்கள்) என்று எதிர்பார்ப்பார்கள். அங்கே பிராசஸர்தான் முதலில் திணறும். சைபர்பங்க் 2077 போன்ற பெரிய காட்சிகள் நிறைந்த விளையாட்டுகள் கிராபிக்ஸ் கார்டைப் பிழிந்தெடுக்கும். ஒவ்வொரு பிரேமுக்கும் யார் எங்கே நிற்கிறார்கள், எது எதில் மோதுகிறது என்று கணக்குப் போடுவது பிராசஸரின் வேலை. அதை வரைவது கார்டின் வேலை. 60 பிரேம் வேண்டுமென்றால் இந்த இருவருக்கும் பிரேமுக்கு 16.7 மில்லி நொடி கிடைக்கும். 144 பிரேம் என்றால் 6.9 மில்லி நொடிதான். யார் தாமதமாக முடிக்கிறார்களோ அவர்கள் வேகத்தில்தான் விளையாட்டு ஓடும்.

அடுத்தது மானிட்டர். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி-இல் 36.9 லட்சம். 4கே-யில் ஏறக்குறைய 83 லட்சம், அதாவது 1080பி-யைப் போல நான்கு மடங்கு. புள்ளி கூடினால் கார்டின் சுமை கூடும், பிராசஸரின் சுமை பெரிதாக மாறாது. பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் 1080பி-யிலேயே நில்லுங்கள். கையில் ஏற்கெனவே 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருந்து, அதை மாற்றும் எண்ணமும் இல்லையென்றால், 140 பிரேம் தரும் கார்டு வாங்கி என்ன பயன்? அந்தத் திரை நொடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது.

இப்போதே ஒரு கணினி வைத்திருந்தால் எதை மாற்றுவது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விளையாட்டைத் திறந்து, ரெசல்யூஷனை, அதாவது வரையும் புள்ளிகளின் எண்ணிக்கையை, நன்றாகக் குறைத்துப் பாருங்கள். பிரேம் எண்ணிக்கை ஏறினால் கார்டுதான் பின்தங்குகிறது. ஏறவே இல்லையென்றால் பிராசஸரோ ரேமோ தடையாக இருக்கிறது. சில நேரம் ஒரு பாகத்தை மாற்றினாலே போதும், புதுக் கணினியே வேண்டியிருக்காது.

படி 2: தொகையைப் பிரித்தல்

பெரிய காட்சி விளையாட்டுகள்தான் உங்கள் பட்டியலில் அதிகம் என்றால், கணினிக்கு ஒதுக்கிய தொகையில் 40 முதல் 45 சதவீதம் கார்டுக்குப் போகட்டும். பிராசஸர், மதர்போர்டு, ரேம் மூன்றும் சேர்ந்து 35 சதவீதத்துக்குள் அடங்கட்டும். மிச்சத்தில் எஸ்எஸ்டி (விளையாட்டுகளைச் சேமிக்கும் பாகம்), எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி), கேபினட். போட்டி விளையாட்டுகள்தான் முக்கியம் என்றால் கார்டிலிருந்து ஐந்து, பத்து சதவீதத்தை எடுத்துப் பிராசஸர் பக்கம் கொடுங்கள். இது கண்மதிப்பான கணக்குதான். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. அப்படிப்பட்ட காலத்தில் ரேமுக்கான பங்கு வீங்கும். அப்போது கார்டைக் குறைப்பதற்கு முன் மதர்போர்டையும் கேபினட்டையும் குறைக்க வழி தேடுங்கள்.

கீபோர்டு, மவுஸ், ஹெட்செட், மானிட்டர், விண்டோஸ் உரிமம் எல்லாவற்றையும் முதலிலேயே தனிக் கணக்காக எழுதிவிடுங்கள். இவற்றை மறந்துவிட்டுப் பாகங்களுக்கே முழுப் பணத்தையும் ஒதுக்கினால், கடைசியில் கை வைப்பது எஸ்எம்பிஎஸ் மேல்தான். அதில் மட்டும் கை வைக்கவே கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

குறைக்கத் தகுந்தவை: வண்ண விளக்குகள், கண்ணாடிப் பலகை, தண்ணீர்க் கூலர், மதர்போர்டில் உள்ளிணைந்த வைஃபை, விலையுயர்ந்த ரேம் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு). இவற்றால் ஒரு பிரேம்கூட ஏறாது.

படி 3: கிராபிக்ஸ் கார்டு

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் நினைவகம். புதிதாக வாங்கும் கார்டில் 8 ஜிபி-க்குக் கீழே போகாதீர்கள். விளையாட்டின் டெக்ஸ்சர்கள் (சுவர், தரைமேல் ஒட்டும் படங்கள்) கார்டின் நினைவகத்தில் அடங்காமல் போனால், கார்டு கணினியின் ரேமிலிருந்து அவற்றைப் பிசிஐஇ பாதை, அதாவது கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பாதை, வழியாக எடுத்துவர வேண்டியிருக்கும். அந்தப் பாதை கார்டின் சொந்த நினைவகத்தைவிடப் பல மடங்கு மெதுவானது. விளைவு, படம் சட்டென்று நின்று நின்று ஓடும், அல்லது சுவரும் தரையும் மங்கலாகவே இருக்கும். ஆனால் நினைவகம் அதிகம் என்பதற்காகவே ஒரு கார்டு வேகமானது என்று நினைத்துவிடக் கூடாது. படத்தை வரைவது கோர்களும் அவற்றுக்குத் தரவு கொடுக்கும் பாதையும்தான்.

இரண்டாவது, பிசிஐஇ லேன்கள், அதாவது அந்தப் பாதையில் எத்தனை தடங்கள் என்பது. இதைப் பெட்டியில் யாரும் பெரிதாகப் போடுவதில்லை. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 இரண்டும் எட்டு லேன் மட்டுமே பயன்படுத்தும் கார்டுகள். பிசிஐஇ 4.0 மதர்போர்டில் எட்டு லேன் என்றால் நொடிக்குச் சுமார் 16 ஜிபி, அது தாராளம். அதே கார்டைப் பிசிஐஇ 3.0 மதர்போர்டில் போட்டால் பாதியாகிவிடும். நினைவகம் நிரம்பாதவரை பெரிய இழப்பு தெரியாது, நிரம்பினால் தெரியும். 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில் லேன் நான்கு, நினைவகமும் 4 ஜிபி. பிசிஐஇ 3.0 கணினியில் அது படும் பாடு பெரிய பாடு. பழைய கணினியை மேம்படுத்துபவர்கள்தான் இந்த மாதிரி மலிவுக் கார்டைத் தேடுவார்கள், அவர்களிடம்தான் பழைய பிசிஐஇ இருக்கும். யாருக்குத் தேவையோ அவர்களுக்கே பொருந்தாத கார்டு அது.

மூன்றாவது, ரே டிரேசிங் வன்பொருள், அதாவது ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் பகுதி. பட்ஜெட் கணினிக்கு ரே டிரேசிங் தேவையில்லை என்று சொல்வது வழக்கம். அழகுக்காக என்றால் அது சரிதான். ஆனால் 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் இரண்டும் அந்த வன்பொருள் கட்டாயம் வேண்டும் என்கின்றன. ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், ஆர்எக்ஸ் 5600 எக்ஸ்டி போன்ற கார்டுகள் வேகத்தில் இன்னும் சுமாராகத் தாக்குப்பிடித்தாலும் இந்தப் பட்டியலில் விடுபட்டுப் போகின்றன. பழைய கார்டு வாங்கும்போது இதை மனதில் வையுங்கள்.

நான்காவது, அப்ஸ்கேலிங், அதாவது சிறிய படத்தை வரைந்து மென்பொருளால் பெரிதாக்குவது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் அதன் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும். ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் பழைய பதிப்புகள் எல்லா நிறுவனக் கார்டுகளிலும் ஓடும். 1080பி திரையில் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி முறையைப் போட்டால் கார்டு உண்மையில் வரைவது 720பி படம், மிச்சத்தை மென்பொருள் நிரப்புகிறது. நல்ல உதவிதான், அதிலும் டிஎல்எஸ்எஸ் படத்தை அதிகம் கெடுக்காமல் செய்கிறது. ஆனால் பிரேம் ஜெனரேஷன் சேர்த்துக் காட்டும் விளம்பர எண்களை நம்பிக் கார்டு வாங்காதீர்கள். அது இரண்டு உண்மையான பிரேம்களுக்கு நடுவே கற்பனைப் பிரேம்களைச் செருகுகிறது. கண்ணுக்குப் படம் வழுவழுப்பாக ஓடும், உங்கள் மவுஸ் அசைவுக்குக் கிடைக்கும் பதில் வேகமாகாது. 30 பிரேமில் திணறும் கார்டை அது காப்பாற்றாது. 60-ஐ ஏற்கெனவே தொட்ட கார்டுக்குத்தான் அது அழகு சேர்க்கும்.

சரி, எந்தக் கார்டு? ஆர்எக்ஸ் 6600 பல காலமாக 1080பி-க்குக் கொடுத்த காசுக்கு வஞ்சகமில்லாத கார்டு. வெறும் 132 வாட் எடுத்துக்கொள்ளும், ஒரே எட்டு முனை இணைப்பு போதும். அதற்கு மேல் கொஞ்சம் நீட்ட முடிந்தால் ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060, 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060. இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி நினைவகத்தோடு 2024 டிசம்பரில் வந்தது. விலைக்கு நல்ல கார்டு, ஆனால் இரண்டு நிபந்தனைகள். மதர்போர்டில் ரீசைசபிள் பார் வசதி (பிராசஸர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே நேரத்தில் அணுக விடுவது) இருக்க வேண்டும், இல்லையென்றால் வேகம் வெகுவாகக் குறையும். அப்புறம், கார்டை இயக்கும் மென்பொருளான அதன் டிரைவர் பிராசஸர்மேல் கூடுதல் சுமை வைக்கிறது. பழைய பிராசஸரோடு சேர்த்தால் சோதனைகளில் காட்டும் வேகம் வீட்டில் வராது. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யும் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ-யும் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வடிவங்களில் வருகின்றன. இவற்றுக்குக் கை எட்டினால் 16 ஜிபி-யையே வாங்குங்கள். அவ்வளவு வேகமுள்ள கார்டை 8 ஜிபி-க்குள் அடைத்துவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சோதனை முடிவுகளைப் படிக்கும்போது சராசரி பிரேமை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். பக்கத்திலேயே 1 சதவீதத் தாழ்வு என்று ஒரு எண் இருக்கும், மிக மெதுவாக வந்த பிரேம்களின் அளவு அது. சராசரி 90, தாழ்வு 30 என்றால் சண்டை உச்சத்தில் இருக்கும்போது படம் தடுக்கும். சராசரி 75, தாழ்வு 60 தரும் கார்டு அதைவிட மேல்.

படி 4: பிராசஸர்

6 கோர், 12 திரெட் (ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை எடுத்துக்கொள்ளும்). பட்ஜெட் கணினிக்கு இதுவே நான் சொல்லும் அளவு. அதற்கு மேல் கோர்களைக் கூட்டுவதைவிட, இருக்கும் கோர்களின் வேகத்துக்கும் எல்3 கேஷ் அளவுக்கும் பணம் கொடுப்பது நல்லது. கேஷ் என்பது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் மிக வேகமான நினைவகம். விளையாட்டுகள் ஒரே தரவைத் திரும்பத் திரும்பத் தேடும், அது கேஷில் இருந்தால் ரேம்வரை ஓட வேண்டியதில்லை.

இதற்கு ஏஎம்டி-யின் ரைசன் குடும்பமே நல்ல எடுத்துக்காட்டு. ரைசன் 5 5600-இல் 32 எம்பி எல்3 கேஷ், பிசிஐஇ 4.0. பெயரில் நெருங்கிய உறவான 5500-இலும் 5600ஜி-யிலும் 16 எம்பி, பிசிஐஇ 3.0. மூன்றிலும் கோர் ஆறுதான், ஆனால் விளையாட்டில் 5600 தெளிவாக முந்தும். இவை ஏஎம்4 என்ற பழைய சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசஸரைப் பொருத்தும் இடம்) உட்காருபவை. புதிய ஏஎம்5 சாக்கெட் பக்கம் வந்தாலும் இதே கதை. 7500எஃப்-இல் 32 எம்பி, அதைவிடப் பெரிய எண்ணைத் தாங்கிய 8400எஃப்-இல் 16 எம்பி, அதிலும் கார்டுக்கு எட்டு லேன்தான். பெரிய எண் புதிய மாடல் என்று மட்டுமே சொல்கிறது.

பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். இன்டெல் 12400எஃப், ஏஎம்டி 7500எஃப் என்று எஃப் இருந்தால் உள்ளிணைந்த கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. கார்டு நிச்சயம் வாங்கப்போகிறவருக்கு எஃப் வகை நல்ல மிச்சம். கார்டு பழுதாகிப் போகும் நாளில் மட்டும் அது இல்லையே என்று தோன்றும். கார்டை இப்போது வாங்க முடியாது, சில மாதம் கழித்துத்தான் என்றால் 8600ஜி போன்ற ஜி வகைகளைப் பாருங்கள். எளிய விளையாட்டுகளை அதன் கிராபிக்ஸே 1080பி-இல் ஓட்டிவிடும்.

ஏஎம்4-ஆ, ஏஎம்5-ஆ என்பதுதான் பலரையும் குழப்பும் கேள்வி. ஏஎம்4-இல் மதர்போர்டும் டிடிஆர்4 ரேமும் மலிவு, குறிப்பாகப் பழையதாகக் கிடைத்தால். ஆனால் அது முடிந்த பாதை. ஏஎம்5 2022-இல் வந்தது, டிடிஆர்5 மட்டுமே ஏற்கும், இன்றைக்கு ஒரு 7500எஃப் போட்டுவிட்டுச் சில வருடம் கழித்து அதே போர்டில் வேகமான பிராசஸரை மாற்றிக்கொள்ளலாம். என் பரிந்துரை: ஏஎம்5-க்குப் போவதால் கார்டு ஒரு படி இறங்கும் என்றால் ஏஎம்4-லேயே இருங்கள். கார்டைத் தொடாமல் ஏஎம்5 கட்ட முடிந்தால் தயங்காமல் அதற்குப் போங்கள். இன்டெலில் 12400எஃப் இன்னும் நல்ல தேர்வு. ஒன்று மட்டும்: 13, 14-ஆம் தலைமுறையின் உயர்நிலைப் பிராசஸர்களில் மின்னழுத்தக் கோளாறு வந்து, 2024-இல் அதற்கான திருத்தத்தை இன்டெல் வெளியிட்டது. அவற்றைப் பழையதாக வாங்கினால் பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும், மதர்போர்டில் இருக்கும் மென்பொருள்) உடனே புதுப்பியுங்கள்.

ஐ7 என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். 2013-இன் நான்கு கோர் ஐ7-ஐ அதே நான்கு கோர் கொண்ட ஐ3 12100 சுலபமாக முந்திவிடும்.

படி 5: மதர்போர்டு

இதில் அதிகம் செலவழிக்க வேண்டாம், ஆனால் அடிமட்டத்துக்கும் போக வேண்டாம். ஏஎம்4-க்கான ஏ520 போர்டில் பிசிஐஇ 3.0 மட்டும்தான், பி550-இல் 4.0. மேலே சொன்ன எட்டு லேன் கார்டு வாங்குபவர் பி550-க்குப் போவதற்கு இதுவே போதுமான காரணம். இன்டெலின் ஹெச்610 போர்டுகளில் இரண்டே ரேம் ஸ்லாட், ரேமின் வேகத்தையும் உயர்த்த முடியாது. 12400எஃப்-க்குப் பி660 அல்லது பி760 போதும். இந்த இன்டெல் போர்டுகள் சில டிடிஆர்4 ஏற்கும், சில டிடிஆர்5 ஏற்கும், இரண்டும் ஏற்பது அபூர்வம். வாங்கும் முன் மாடல் பெயரை முழுதாகப் படியுங்கள்.

பிராசஸர் பக்கத்தில் இருக்கும் மின்சுற்றுமேல் உலோக ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பயாஸ் பிளாஷ்பேக் பொத்தான். நீங்கள் வாங்கும் போர்டு பிராசஸரைவிடப் பழையதாக இருந்தால், பழைய பயாஸோடு திரையே வராமல் போகலாம். அந்தப் பொத்தான் இருந்தால் ஒரு பென்டிரைவை வைத்தே பயாஸைப் புதுப்பித்துவிடலாம்.

படி 6: ரேம்

16 ஜிபி குறைந்தபட்சம், முடிந்தால் 32. ஒரே 16 ஜிபி குச்சி வேண்டாம், இரண்டு 8 ஜிபி வாங்குங்கள். இரண்டு சேனலில், அதாவது இரண்டு தனித் தடங்களில், தரவு போனால் பாதை இரட்டிப்பாகும். உள்ளிணைந்த கிராபிக்ஸை நம்பி விளையாடுபவருக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்த கிராபிக்ஸுக்கு ரேம்தான் நினைவகம். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரண்டு சேனல் கிடைக்காமல் போகலாம்.

வேகத்தோடு, கேட்ட தரவைத் தர ரேம் எடுக்கும் தாமதத்தைக் குறிக்கும் சிஎல் என்ற எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேகத்தால் வகுத்தால் உண்மையான தாமதம் நானோ நொடியில் வரும். டிடிஆர்4 3200 சிஎல் 16 என்றால் 10 நானோ நொடி. டிடிஆர்5 6000 சிஎல் 30 என்றாலும் அதே 10. டிடிஆர்5 5200 சிஎல் 40 என்றால் 15-ஐத் தாண்டிவிடும். ஏஎம்4-க்கு 3200 சிஎல் 16, ஏஎம்5-க்கு 6000 சிஎல் 30 நல்ல இலக்கு. விலை அதிகம் என்றால் 6000 சிஎல் 36-ம் பரவாயில்லை.

படி 7: எஸ்எஸ்டி

1 டிபி என்விஎம்இ (பிசிஐஇ வழியாக இணையும் வேகமான எஸ்எஸ்டி வகை). ஒரே விளையாட்டு 100 ஜிபி-யைத் தாண்டும் காலத்தில் 500 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். நொடிக்கு 3500 எம்பி, 7000 எம்பி என்ற போட்டியைப் பொருட்படுத்த வேண்டாம், விளையாட்டுகள் திறக்கும் நேரத்தில் வித்தியாசம் மிகச் சிறியது. எம்.2 என்ற சிறு அட்டை வடிவத்தில் இருப்பதெல்லாம் என்விஎம்இ அல்ல, சில பழைய சாட்டா இணைப்பு வகை, அவை 550 எம்பி அளவில் நின்றுவிடும். விலை ஒன்றாக இருந்தால், ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் கியூஎல்சி-யைவிட மூன்று பிட் மட்டும் வைக்கும் டிஎல்சி சில்லு கொண்டதை எடுங்கள்.

படி 8: எஸ்எம்பிஎஸ்

மலிவான எஸ்எம்பிஎஸ் ஒருநாள் போகும்போது தனியாகப் போகாது, கார்டையும் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். அதனால்தான் இதில் கை வைக்காதீர்கள் என்றேன்.

பெட்டியில் 650 வாட் என்று இருக்கட்டும். நீங்கள் எஸ்எம்பிஎஸ்-இன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். மேல் வரிசையில் +3.3வி, +5வி, +12வி, -12வி, +5விஎஸ்பி என்று வரிசையாக இருக்கும். அதன் கீழே ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். கார்டும் பிராசஸரும் எடுப்பது +12வி-யிலிருந்துதான். அந்தக் கட்டத்தில் 52 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஐ 52-ஆல் பெருக்க 624 வாட். பெட்டியில் சொன்ன எண்ணுக்கு அருகில் இருக்கிறது, நேர்மையான பொருள். 30 ஆம்பியர் என்று இருந்தால் 360 வாட்தான். மிச்ச வாட்டை இன்றைய கணினிகள் பெரிதாகப் பயன்படுத்தாத 3.3, 5 வோல்ட் பக்கம் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். கடையில் நின்றபடியே செய்யக்கூடிய கணக்கு இது.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்பவை சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்று மட்டும்தான் சொல்கின்றன. உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்துக்கு அது சான்றிதழ் ஆகாது. ஆனாலும் அந்த முத்திரைகூட இல்லாததை வாங்கவே வேண்டாம். 5 வருடம் அல்லது அதற்கு மேல் வாரன்டி தருகிறார்களா, மிகை மின்னோட்டம், மிகை மின்னழுத்தம், ஷார்ட் சர்க்கியூட், மிகை வெப்பம் ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பு இருப்பதாகத் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எத்தனை வாட் வேண்டும்? ஆர்எக்ஸ் 6600 132 வாட், ரைசன் 5 5600 சுமார் 80, மற்ற எல்லாம் சேர்ந்து 50, 60. மொத்தம் 270-ஐ ஒட்டித்தான் வருகிறது. கார்டுகள் கண நேரத்துக்குச் சட்டென்று அதிக மின்சாரம் இழுப்பதுண்டு என்பதால் இடைவெளி வேண்டும். நல்ல 550 வாட் இதற்குத் தாராளம். பின்னால் பெரிய கார்டு போடும் திட்டம் இருந்தால் 650. பெயர் தெரியாத 750 வாட்டைவிடத் தரமான 550 வாட் எவ்வளவோ மேல்.

கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடுலர் வகை என்றால் ஒரு எச்சரிக்கை. ஒரு எஸ்எம்பிஎஸ்-இன் கேபிளை இன்னொன்றில் மாட்டாதீர்கள், முனை பொருந்தினாலும் சரி. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்த ஊசியில் எந்த வோல்ட் என்பதற்குப் பொதுத் தரம் இல்லை. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் எஸ்எஸ்டி அந்தக் கணமே எரிந்துவிடும்.

படி 9: கேபினட், கூலர்

முன்பக்கம் வலைபோல் துளைகள் உள்ள கேபினட். கண்ணாடியால் மூடிய முன்பக்கம், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வது போல. முன்னால் இரண்டு விசிறி காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. கார்டின் நீளத்தையும் கேபினட் ஏற்கும் நீளத்தையும் மில்லிமீட்டரில் ஒப்பிட்டுவிடுங்கள். 5600, 12400எஃப் ஆகியவற்றின் பெட்டியோடு வரும் கூலரே போதும், கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான். உதிரியாக விற்கும் பிராசஸரில் கூலர் இருக்காது, கேட்டு வாங்குங்கள்.

பழைய பாகங்கள் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், எதைப் பழையதாக வாங்குவது என்று தெரிந்தால். பிராசஸர் அவ்வளவு சுலபத்தில் கெடாது. ஏஎம்4 என்றால் பிராசஸரின் அடியிலிருக்கும் ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இன்டெலிலும் ஏஎம்5-இலும் ஊசிகள் மதர்போர்டு சாக்கெட்டில் இருக்கும், அங்கே பாருங்கள். ரேமை மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளில் ஒரு சுற்று ஓட்டினால் தெரிந்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸையும் எஸ்எஸ்டி-யையும் பழையதாக வாங்க நான் சொல்ல மாட்டேன்.

கார்டில்தான் பெரிய லாபமும் பெரிய ஆபத்தும். 2022 செப்டம்பரில் எத்திரியம் மைனிங் (கார்டுகளை இரவும் பகலும் ஓட்டி டிஜிட்டல் நாணயம் ஈட்டுவது) முடிவுக்கு வந்தபோது லட்சக்கணக்கில் கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. விசிறி, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட், பேஸ்ட் இவைதான் தேய்ந்திருக்கும். நேரில் பார்க்கும்போது விசிறியை விரலால் மெல்லச் சுழற்றுங்கள். சட்டென்று நின்றாலோ கரகரத்தாலோ பேரிங் போய்விட்டது. திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். பின்பக்கப் பலகையில் நிறம் மாறிய திட்டு இருந்தால் அங்கே சூடு தங்கியிருக்கிறது. பிறகு கணினியில் மாட்டி ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பாருங்கள், பழைய கார்டின் பயாஸை மாற்றிப் புதிய பெயர் சூட்டிய போலிகள் நிறைய உலவுகின்றன. கோர் எண்ணிக்கை, நினைவக வகை, பாதை அகலம் மூன்றும் அந்த மாடலுக்கு உரியவைதானா என்று சரிபாருங்கள். கடைசியாக, கனமான விளையாட்டு ஒன்றை இருபது நிமிடம் ஓட்டுங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ வந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

அலுவலகங்கள் கழித்துக்கட்டும் பழைய டெல், ஹெச்பி கணினிகளில் ஒரு கார்டைச் செருகுவது மிகக் குறைந்த செலவில் ஆகும் வழி. இன்டெல் 8-ஆம் தலைமுறை ஐ5 அல்லது அதற்குப் பிந்தையதாக எடுங்கள், அதற்கு முந்தையவை ஏறக்குறைய எதுவும் விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமாகத் தகுதி பெறாது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இந்தக் கணினிகளின் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்த வடிவம், கார்டுக்கான தனி மின் இணைப்பும் இருக்காது. அதனால் ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடும் கார்டு வேண்டும். தொடக்கத்தில் சொன்ன ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 70 வாட்தான், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி இணைப்பு தேவையில்லை. புதிதாகக் கட்டும் கணினிக்குப் பொருந்தாத அந்தக் கார்டு இங்கே சரியாக உட்காருகிறது. ஒல்லியான கேபினட் என்றால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் வடிவத்தைக் கேளுங்கள்.

படி 10: பணம் கொடுக்கும் முன்னும், முதல் நாளும்

பட்டியல் முடிந்ததும் ஒருமுறை இப்படி ஓட்டிப்பாருங்கள். பிராசஸரின் சாக்கெட் போர்டோடு பொருந்துகிறதா, போர்டின் இப்போதைய பயாஸ் அந்தப் பிராசஸரை அறியுமா, ரேம் வகை சரியா, கார்டின் நீளம் கேபினட்டில் அடங்குமா, எஸ்எம்பிஎஸ்-இல் கார்டுக்குத் தேவையான முனைகள் இருக்கின்றனவா. போர்டு தயாரித்தவரின் தளத்தில் ஆதரிக்கும் பிராசஸர் பட்டியல் இருக்கும், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்பதும் அதிலேயே இருக்கும்.

மாட்டும்போது ஒரு குழப்பம் வரும். பிராசஸருக்கான 4+4 முனையும் கார்டுக்கான 6+2 முனையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டும் வேறு, வலுக்கட்டாயமாகச் செருகாதீர்கள். ஏஎம்5 கணினி முதல்முறை திறக்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். பதறி அணைத்துவிடாதீர்கள்.

திரை வந்ததும் முதலில் பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்குங்கள். இயக்காவிட்டால் காசு கொடுத்து வாங்கிய 3200 ரேம் 2133-லோ 2400-லோ, 6000 ரேம் 4800-லோ ஓடிக்கொண்டிருக்கும். ரீசைசபிள் பாரையும் அங்கேயே இயக்குங்கள். டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்குவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் இவை இல்லாமல் திறக்காது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். அப்புறம் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் 144 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். பல கணினிகளில் அது 60-இலேயே நிற்கும், மாதக்கணக்கில் அது தெரியாமலே விளையாடுபவர்களும் உண்டு.

முதல் வாரத்திலேயே ஒரு மாலை ஒதுக்கி எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். ரேமுக்கு மெம்டெஸ்ட்86, கார்டுக்கு உங்கள் பட்டியலிலேயே கனமான விளையாட்டு ஒரு மணி நேரம், கூடவே பிராசஸர், கார்டு வெப்பநிலை. கார்டு 80 டிகிரியைத் தொடுவது சாதாரணம், 90-ஐ நெருங்கினால் கேபினட் காற்றோட்டத்தைப் பாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் கார்டைத் திருப்பிக் கொடுக்கலாம். பெட்டி, பில், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் மாற்றித் தரும் கெடு முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.